மரியாதைக்கு ஒரு சொம்பு பால்

இன்றைய கோட்டையூர்க் கல்யாணத்துக்குத் தேங்காய் இறக்கியது நான்தான். மணப்பெண்ணின் அக்கா மகளுக்குப் பால் ஆகாது, மூச்சு முட்டிவிடும். அதனால் பாயசம் முழுக்கத் தேங்காய்ப்பாலில் என்று முன்பே பேச்சு.

பந்தியில் இரண்டு வாய் குடித்ததும் பிள்ளையின் உதடு வீங்கியது. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பிள்ளையின் அப்பா அடுப்படிக்குப் பாய்ந்து சமையல்காரரின் கழுத்தைப் பிடித்தார். “பசும்பாலை ஊத்துனியாய்யா?”

“சம்பந்தி வீட்டாளுகளுக்குப் பால் ஊத்தாத பாயசமா வைக்கச் சொல்றீக? மரியாதைக்கு ஒரு சொம்புதேன் ஊத்துனேன்!”

அந்தச் சொம்பாலேயே வாயில் அடி. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. விலக்கப் போன என் நெற்றியில் மூன்று தையல்.

ஊசி போட்டதும் பிள்ளை பிழைத்துவிட்டாள்.

பல் போனவருக்கு ஒரு வாரம் பால்தான் ஆகாரமாம். தேங்காய்ப்பால் கொடுத்தனுப்பட்டுமா, சொல்லுங்கள்.