சகலன்மார் மாடி எண்ணிய கதை

என் சகலன், அதாவது மனைவியின் அக்காவைக் கட்டியவர், ரொறன்ரோவில் இருக்கிறார். சும்மா இருக்கவில்லை. அந்த நகரத்து உயரமான கட்டிடங்கள் எல்லாவற்றையும் தானே சீமெந்து குழைத்துக் கட்டியவர்போல இருக்கிறார். வருடத்தில் இரண்டு தடவை குடும்பமாக மொன்றியலுக்கு வருவார்கள். பாலத்துக்குக் கிட்ட வந்து எங்கள் நகரம் கண்ணில் பட்டதும் தன் மனைவியின் கையில் ஃபோனைக் கொடுத்து எனக்கு எடுக்கச் சொல்லி, தானே கதைப்பார்.

"தம்பி, கிட்ட வந்திட்டம். உங்கட ஊர் தெரியுது. ஒண்டு ரெண்டு கட்டிடம் நிக்குது."

நான் சிரித்துவிட்டு ஃபோனை வைப்பேன். வைத்த பிறகு பற்றிக்கொண்டு வரும். அவர் ஊரில் ஒரு பெரிய கோபுரம் இருக்கிறது, அது உலகத்துக்கே தெரியும். ஆனால் அதில் மனிசர் குடியிருக்கிறார்களா? ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். குடியிருக்காதது கட்டிடம் ஆகுமா? இந்தக் கேள்வியை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் ஒரு தடவையும் நேராகப் பதில் சொன்னதில்லை.

யாராவது வெளியில் இருந்து கேட்டால் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். தோசைக்கல்லைப்போலத் தட்டையான ஊர். மாடிப்படி ஏறாமலே வளர்ந்த இரண்டு பேர், அறுபது வயதில், வேறு யாரோ கட்டி வேறு யாரோ வாடகை வாங்கும் கட்டிடங்களுக்காகச் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிப்போம். மனைவியும் அவளுடைய அக்காவும் கறிச்சட்டியை எங்களுக்கு நடுவால் நகர்த்தியபடி தங்கள் கதையைக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன கோடையில் மட்டும் இது விளையாட்டாக இருக்கவில்லை.

அந்த வருடம் இளவேனிலில்தான் நான் வேலையை விட்டு ஓய்வெடுத்தேன். நகரத்தின் சென் லோறன் பகுதியில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை. மனைவி பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இங்கே எல்லாரும் கார்டெரி என்பார்கள், அங்கே வேலை செய்கிறாள். ஒரே மகள் வான்கூவரில். ஆகவே எங்களை மொன்றியலில் கட்டிவைக்க எதுவும் இல்லை என்று ஊர் முழுக்கத் தீர்மானித்துவிட்டது. மொன்றியல் தமிழருக்கு இது ஒரு வருத்தம். படிப்பு முடிந்தால் ரொறன்ரோ, ஓய்வெடுத்தால் ரொறன்ரோ. எனக்குத் தெரிந்த ஒருவர் பிள்ளையின் கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு சாமான்களை எடுக்கத்தான் வந்தார்.

மனைவியின் அக்கா தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்திருந்தா. குசினி, நிலவறை, பின்வளவு என்று படம் படமாக வந்தது. மனைவி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டதற்கு, "அக்கா ஆக்கள் வந்து போகட்டும். பேந்து முடிவு சொல்லுறன்" என்றாள்.

எனக்குப் போக விருப்பமில்லை. அங்கே போனால் சாகும்வரைக்கும் நான் இளைய சகலன். கோயிலுக்கு, கடைக்கு, செத்தவீட்டுக்கு எல்லாம் அவருடைய வாகனத்தின் பின்சீற்றில்தான் போகவேண்டிவரும். ஆனால் மனைவி போகிறேன் என்றால் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான். அவள் இல்லாத வீட்டில் எனக்குத் தேத்தண்ணிகூட இறங்காது. ஆகவே அவளை எப்படியாவது இங்கே நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டு மூன்று நாள் இருந்து யோசித்தேன். யோசித்து, மொன்றியலின் உயரமான கட்டிடங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

நிறையத் தெரிந்துகொண்டேன். எது எல்லாவற்றிலும் உயரம், எதன் உச்சியில் ஊசி இருக்கிறது, அந்த ஊசியைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்பதெல்லாம். எனக்கு மிகவும் பிடித்தது, நகரத்தின் நடுவில் இருக்கும் மலையைவிட உயரமாக யாரும் இங்கே கட்டக்கூடாது என்ற விதி. படித்த உடனே எழும்பிக் குசினிக்குப் போனேன்.

"உமக்குத் தெரியுமே, இந்த ஊரில மலையை விட உயரமாக் கட்டேலாது. மலைக்கு மரியாதை."

"நல்லது" என்றாள். "அந்தக் கீரையை ஒருக்கா ஆஞ்சு தாங்கோ."

கீரையை ஆய்ந்தபடி மிச்சத்தையும் சொன்னேன். ஒரு வாரம் முழுக்க இப்படிப் போனது. அவள் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாள். அது நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிய, நகர மத்திக்குப் போய் வருவோம் என்று நான்தான் சொன்னேன். நால்வரும் மெற்றோவில் போனோம். மனைவி மட்டன் றோல்ஸ் சுற்றி எடுத்து வந்திருந்தாள். சகோதரிகள் இருவரும் சதுக்கத்தில் ஒரு வாங்கில் அமர்ந்தார்கள். நான் சகலனைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து, நகரத்திலேயே உயரமான கட்டிடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மலை விதியைச் சொன்னேன்.

"மலையோ? எது மலை?"

"அந்தா."

அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "அது மேடு தம்பி. புல்லு வெட்டுறவன் மெசினோட ஏறி இறங்குவான். சரி, இது எத்தனை மாடி?"

"ஐம்பத்தொண்டு."

"ஆர் சொன்னது?"

"போட்டிருக்கு."

"போட்டிருந்தா நம்பிறதோ? நான் கடைக்காரன். பெட்டிக்கு மேல இருபத்துநாலு எண்டு போட்டிருக்கும். உடைச்சுப் பாத்தா இருபத்திமூண்டுதான் இருக்கும். எண்ணிப் பாப்பம்."

எண்ணத் தொடங்கினார். கடைக்காரர் என்றபடியால் ஒன்று என்று தொடங்கவில்லை. எங்கள் வியாபாரிகள் முதலாவதை 'லாபம்' என்றுதான் சொல்லுவார்கள். அவரும் ஆள்காட்டி விரலை நீட்டி, "லாபம், ரெண்டு, மூண்டு" என்று உரத்த குரலில் போனார். நான் உடனே மறித்தேன். கீழே இருப்பது கண்ணாடி வாசல்மண்டபம், அதன் உயரமே மூன்று மாடி வரும், அதை எப்படி ஒரு லாபத்துக்குள் அடக்கலாம்? இதில் ஒரு சண்டை. திரும்பவும் கீழே இருந்து தொடங்கினார். பத்தொன்பதில் வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. விட்ட இடம் தெரியவில்லை. மூன்றாம் முறை நான் என் பாட்டுக்குத் தனியாக எண்ணினேன். அவர் முப்பத்திரண்டு என்ற நேரத்தில் நான் இருபத்தெட்டு என்றேன். இருவருக்கும் குழம்பியது. "நீர் மனசுக்குள்ள எண்ணும்" என்றார். "நீங்கள் மனசுக்குள்ள எண்ணுங்கோ அண்ணை" என்றேன். கடைசியில் அவருக்கு நாற்பத்தேழு வந்தது, எனக்கு ஐம்பத்துநாலு.

நாலாம் முறை எண்ணும்போதுதான் பக்கத்தில் ஒரு நாய் நிற்பதைக் கண்டேன். நாயின் சொந்தக்காரர் எங்கள் விரல் போன திசையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கையில் கோப்பியுடன் இருவர், அவர்களுக்குப் பின்னால் சுற்றுலா வந்த ஒரு குடும்பம். கழுத்து வலிக்கக் கீழே பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் நாற்பது ஐம்பது பேர் ஆகிவிட்டார்கள். எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஒருவரும் மற்றவரிடம் எதைப் பார்க்கிறாய் என்று கேட்கவில்லை. சிலர் பருந்து கூடு கட்டியிருக்கிறது என்றார்கள். பிறகு கண்ணாடி துடைக்கிற ஒருவன் கயிற்றில் தொங்குகிறான் என்று ஒரு கதை வந்தது. அது வந்த பிறகு பருந்தை எல்லாரும் கைவிட்டார்கள்.

"தம்பி, ஆரோ தொங்குறானாம்" என்றார் சகலன். "எத்தனையாம் மாடியில?"

"அது எண்ணினாத்தானே தெரியும்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் ஏதோ தொங்குவதுபோலத்தான் இருந்தது. நாங்கள் முன்னரைவிடக் கவனமாக எண்ணத் தொடங்கினோம். இப்போது ஒரு உயிரும் சம்பந்தப்பட்டிருந்தது.

முதலில் பொலிஸ் வாகனம் வந்தது. பின்னால் ஏணியோடு தீயணைப்பு வாகனம். இளம் பொலிஸ்காரர் ஒருவர் இறங்கி, முதலில் கண்டது யார் என்று பிரெஞ்சில் கேட்டார். கூட்டம் முழுவதும் கையை நீட்டி எங்களைக் காட்டியது. என் பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி, பிறகு தொழிற்சாலையில் பழகிய ஆணி, சுரை, துளை. அவ்வளவுதான். சகலன் ஆங்கிலத்தில் இறங்கினார்.

"நாங்கள் எண்ணுகிறோம்."

"எதை?" பொலிஸ்காரரும் ஆங்கிலத்துக்கு மாறினார்.

"மாடியை."

"ஏன்?"

சகலன் என்னைப் பார்த்தார், நான் கட்டிடத்தைப் பார்த்தேன். பொலிஸ்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். நான் கேளாமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். சீருடையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

அப்போதுதான் மனைவி தெருவைக் கடந்து வந்தாள். பாதி கடித்த றோல்ஸ் கையில். அக்கா பின்னால் ஓடி வந்தா. மனைவி எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே பொலிஸ்காரரிடம் போய்ப் பிரெஞ்சில் கதைத்தாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. ஒரே விளையாட்டு லொறிக்காக அடிபடும் இரண்டு குழந்தைகளைப் பிரித்துவிடும்போது கார்டெரியில் பாவிக்கும் குரலாக இருக்கவேண்டும். அவர் கேட்டார், அவள் சொன்னாள், அவர் திரும்ப ஏதோ கேட்டார், அவள் எங்களைக் கையால் காட்டினாள். பொலிஸ்காரர் சிரித்துக் குறிப்புப் புத்தகத்தை மூடினார். "மெர்சி, மதாம்" என்று சொல்லி, தீயணைப்புக்காரர்களிடம் போய்ச் சொன்னார். அவர்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"ஆரின்ர ஊர்க் கட்டிடம் பெரிசு எண்டு ரெண்டு சகலன்மாருக்குச் சண்டை எண்டு சொன்னனான். அந்தப் பொடியனுக்கும் ரொறன்ரோவில ஒரு மச்சான் இருக்கிறானாம். விளங்குதாம்."

கூட்டம் கலையவில்லை. பொலிஸ் போன பிறகும் நின்றார்கள். தொங்கியவனை ஒரு ஜன்னலால் உள்ளே இழுத்துவிட்டதைத் தன் கண்ணால் கண்டதாக ஒரு அம்மா சொன்னா. எல்லாரும் கைதட்டினார்கள். சகலனும் தட்டினார்.

மெற்றோவுக்கு நடக்கும்போது அக்கா தன் தங்கையையே பார்த்துக்கொண்டு வந்தா. "நீ எப்ப உப்பிடிக் கதைக்கப் பழகினனீ?"

"இருபத்தாறு வருசமா இஞ்சதானே அக்கா இருக்கிறன்."

மறுநாள் மத்தியானம் வெளிக்கிட்டார்கள். அதற்கு முன் சகோதரிகள் இருவரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தார்கள். நானும் சகலனும் வெளியில் நின்று தேவையில்லாமல் வாகனத்தின் ரயரை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐம்பத்தொண்டு எண்டே வைப்பம்" என்றார். இருபது வருடத்தில் அவர் எனக்கு விட்டுக்கொடுத்த முதலாவது விஷயம் அது. ஆனால் என் காது குசினிப் பக்கமே இருந்தது. அக்கா வெளியில் வரும்போது கண் கலங்கியிருந்தா. நேரே போய் வாகனத்தில் ஏறி அமர்ந்தா.

அவர்கள் போனபின் மனைவி பாத்திரம் கழுவ, நான் துடைத்தேன். மூன்றாவது கோப்பையை என்னிடம் நீட்டும்போது சொன்னாள்.

"அக்காட்டச் சொல்லிட்டன். நாங்கள் வரேல்லை."

சந்தோஷத்தில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் படித்தது வீண்போகவில்லை.

"மலை விசயம் சொன்னனீரோ?"

"என்ன மலை?" அவள் தண்ணீரை நிற்பாட்டினாள். "அக்கா ஒண்டுதான் கேட்டவ. அவர்தான் உன்னை மறிக்கிறாரோ எண்டு. ஓம் எண்டு சொன்னன். போகவேண்டாம், எனக்கு நீர் இஞ்ச வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் கெஞ்சிறார் எண்டு சொன்னன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"இல்லை. பொய்தான் சொன்னனான்."

அவள் திரும்பவும் தண்ணீரைத் திறந்து அடுத்த கோப்பையை எடுத்தாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

"போகாதையும்" என்றேன்.

"எங்க?"

"ரொறன்ரோவுக்கு."

"அதுதான் போகேல்லை எண்டு சொல்லிட்டனே."

"தெரியும். எண்டாலும் போகாதையும்."

அவள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள்.