பதினொரு சென்டிமீட்டர் காரணம்

பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்தத் தகவல் வந்தபோது லேப் அக்கா வாசலில் வெட்டிய குழாய்க் குழிக்குள் நின்று மூன்றாவது வாளி மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"உங்க பைலை முடிச்சு வச்சாச்சும்மா. ஆபீசர் பாக்க வந்தப்போ வீடு பூட்டியிருந்துச்சாம். ஆள் இல்லைன்னு எழுதியிருக்கார்."

"என்னைக்கு வந்தாராம்?"

"எட்டாம் தேதி. காலையில பத்தரை."

அக்கா போனை வைத்தார். நான்காவது வாளியையும் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் குழியிலிருந்து ஏறினார். எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு அவர் தன் தம்பியின் அடக்கத்தில் நின்றிருந்தார்.

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் கூப்பிட்ட 'லேப் அக்கா' என்ற பெயர்தான் தெருவிலும் ஒட்டிக்கொண்டது. கைப்பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். செருப்புக் கடையில் செருப்பை அளந்து, கடைக்காரர் சொன்ன எண் பொய் என்று நிரூபித்துவிட்டு அதே செருப்பை வாங்கி வருவார். சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயரும் திறந்த தேதியும் ஒட்டியிருக்கும். "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுக்கா, குலுக்கக் கூடாதுன்னு," என்று தம்பி கிண்டல் செய்வான்.

தம்பி எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின் சக்கர நாற்காலிதான். வீடு மாடியில், பதினேழு படி. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவும் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டும். "என்னைப் பீரோ மாதிரி இறக்குறாங்க, ஒரு நாள் மூலையில இடிச்சுக் கதவு கழண்டுக்கப் போகுது," என்பான். அதனால்தான் கீழே சும்மா கிடந்த கார் ஷெட்டை அவனுக்கு ஓர் அறையாகவும் குளியலறையாகவும் மாற்ற அக்கா விண்ணப்பம் போட்டார்.

விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, வரைபடத்தில் வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறி இல்லை. இரண்டாம் முறை, தாளை மடித்த விதம் சரியில்லை. மூன்றாம் முறை, குளியலறைக் கதவுக்கு எதற்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் என்று கேள்வி. "என் தம்பியோட நாற்காலி உள்ள போகணும் சார், நான் மட்டும் போகவா கதவு வைக்கிறேன்?" என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்கும் ஒரு முத்திரை விழுந்தது.

ஒருவழியாக வேலை தொடங்க அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: ஷெட்டுத் தரையிலிருந்து வாசல்வரை கழிவுநீர்க் குழாய் பதித்த குழியை அதிகாரி நேரில் பார்க்கும்வரை மூடக்கூடாது. குழியை மூடாமல் தளம் போட முடியாது. தளம் இல்லாமல் அறை இல்லை.

"போட்டோ எடுத்து வச்சுட்டு மூடிடலாங்க்கா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றார் கொத்தனார்.

"லேப்ல பாக்காம எழுதுற ரீடிங் ரீடிங்கே இல்ல. திறந்தே கிடக்கட்டும்," என்றார் அக்கா.

ஒன்பது வாரம் திறந்தே கிடந்தது. மழை பெய்த மறுநாளெல்லாம் அக்கா வாளியோடு இறங்கினார். பத்தாவது வாரம் தம்பிக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சர் படிக்கட்டின் வளைவில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கடைசியில் போர்வையில் போட்டுத் தூக்கினார்கள். இருபத்திரண்டு நிமிடம். அதை அக்கா கடிகாரத்தில் பார்த்திருக்கிறார். கீழே வண்டியில் ஏற்றும்போதே மூச்சு நின்றிருந்தது.

போன் வந்த மறுநாள் காலை அக்கா அலுவலகத்தின் மூன்றாம் கவுண்ட்டரில் நின்றார். குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் குடுங்க மேடம், மறுபடி பாக்க வருவாங்க." அதில் ஒரு கட்டம்: 'பார்வையின்போது ஆள் இல்லாததற்குக் காரணம்.'

அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அந்தக் கட்டத்தை அளந்தார்.

"பதினொரு சென்டிமீட்டர் விட்டிருக்கீங்க. இதுக்குள்ள எதை எழுதச் சொல்றீங்க? குழி வீட்டுக்குள்ளயா இருக்கு? வெளியில இருக்கு. காம்பவுண்டுச் சுவர் என் இடுப்பு உயரம்கூட இல்ல. பத்து வயசுப் புள்ள நின்னா உள்ள தெரியும். ஆள் இல்லைன்னு எழுதினவரு குழி இருக்குன்னு ஏன் எழுதல?"

"ஏம்மா, சீக்கிரம் எழுதிக் குடுங்க. நாங்களும் வேலையை விட்டுட்டுத்தான் வந்திருக்கோம்," என்றார் வரிசையில் ஒருவர்.

"பேசட்டும் விடுங்க. யாராச்சும் ஒருத்தர் கேக்கட்டுமே," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

குமாஸ்தா கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தி, "சும்மா வெளியூர்னு எழுதிடுங்க மேடம். எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க," என்றார்.

"வெளியூரா," என்றார் அக்கா. பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினார்: தம்பி அடக்கம். நான்கு சென்டிமீட்டர்கூட ஆகவில்லை. மிச்ச இடம் காலியாகவே கிடந்தது.

குமாஸ்தா படித்தார். பைலைப் புரட்டினார். "நடக்க முடியாதவருக்குன்னுதானே மேடம் இந்த ரூம் கேட்டிருக்கீங்க. இப்போ அவரே இல்லைங்கறப்போ…"

"எனக்கும் ரெண்டு முட்டி இருக்கு. அதுவும் ஒரு நாள் போகும். அப்போ வந்து இன்னொரு தடவை உங்ககிட்ட வடக்கு எதுன்னு காட்டச் சொல்றீங்களா? எழுதிக்குங்க. கதவு தொண்ணூறு. ஒரு சென்டி குறைக்க மாட்டேன்."

அதிகாரி அந்த வாரமே வந்துவிட்டார். சுவருக்கு வெளியே நின்றே குழியை ஒரு பார்வை பார்த்தார். அக்கா கேட்டைத் திறந்து, உள்ளே வரவழைத்து, குழியின் விளிம்பில் நிற்க வைத்து, குழாயின் சரிவை அளந்து காட்டினார். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஒரு போட்டோ அனுப்பியிருந்தாலே போதுமே மேடம். எதுக்கு இத்தனை நாள் திறந்து வச்சீங்க?" என்று கேட்டார்.

"பாக்கறதுக்கு முன்னால மூடக்கூடாதுன்னு உங்க தாள்லதான் சார் இருந்துச்சு. நாங்க அதைப் படிச்சோம்."

அன்று சாயங்காலமே கொத்தனார் குழியை மூடினார். மறுநாள் ஷெட்டுக்குள் சுவரைக் கொத்தும் முன், "சுவிட்ச் எல்லாம் இனி வழக்கமான உயரத்துக்கே ஏத்திடலாமாக்கா?" என்று கேட்டார்.

சுவரில் பென்சில் குறிகள் இருந்தன. குழி வெட்டிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி, எட்டும் இடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தான். ஏழு முடிந்ததும் தோள் வலித்தது. "பாத்ரூம் லைட்டுக்கு அடுத்த வாரம் போட்டுக்கலாம்கா," என்றான்.

"குறி எங்க இருக்கோ அங்கதான்," என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, மாடியிலிருந்து சக்கர நாற்காலியை அக்கா தானே ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்தார். குளியலறைச் சுவரோரம் நிறுத்தி, பென்சிலோடு அதில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவர் கை தம்பியின் கையைவிடக் குட்டை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டி வைத்திருந்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

ஏழு சுவிட்சுப் பெட்டிகளும் பதித்தாயிற்று. எட்டாவதற்குச் சுவரில் இன்னும் குறி இல்லை.