தயிர்சாதம் தின்ற நாய்

போன மாதம் மருமகள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவர்கள் வளர்க்கும் நாய் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பாக்கெட் தீனியை மாற்றிப் பார்த்தார்கள், கோழியை வேகவைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

"அத்தை, நீங்க ஒரு வாய் ஊட்டிப் பாருங்களேன். பெரியவங்க கைன்னா சாப்பிடும்" என்றாள்.

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். அத்தைக்கு நாய் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். பயமில்லை. ஒரு நாய்க்கு நான் ஊட்டினது போதும்.

அது யுத்த காலம், எனக்குப் பத்துப் பதினோரு வயது. அப்போது நாங்கள் சாந்தோமில், கடலுக்குப் போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க மயிலாப்பூரில் இருந்த பெண்கள் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். அங்கே சேர யாராவது பெரிய மனிதர் நமக்காகப் போய்ச் சொல்ல வேண்டும். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா அடையாற்றில் ஒரு துரை வீட்டில் சமையல்காரர். துரையிடம் கேட்கிறேன், கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் ஜூன் வந்தது, போனது. நான் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன்.

ஆறாவதின் மேல் எனக்கு அத்தனை ஆசை வந்தது நிலப்படத்தால்தான். ஐந்தாவதில் டீச்சர் ஒரு நிலப்படத்தைச் சுவரில் மாட்டி, "இதெல்லாம் ஆறாவதில் நீங்களே வரைவீர்கள், கடலுக்கு நீலம் தீட்டுவீர்கள்" என்று சொன்னார். எங்கள் சந்து முடிகிற இடத்தில் இருக்கிற கடலை ஒரு தாளில் நானே வரைந்து நீலம் தீட்டலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

யுத்தத்துக்கு ஆள் வேண்டும் என்று தீபாவளி சமயத்தில் துரையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பங்களாவைப் பூட்டினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. துரையிடம் ஒரு நாய் இருந்தது. வெள்ளையும் பழுப்புமாக, காது இரண்டும் பின்னல் போலத் தொங்கும். அதைத் தன் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். குமாஸ்தா மயிலாப்பூர் ஐயர். துரை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ரிக்ஷாவில் காலடியில் உட்கார வைத்துக் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். துரை திரும்பி வந்ததும் முதலில் நாயைத்தான் கேட்பார் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டில் சில நாள் வெங்காயம்கூட சேர்க்க மாட்டார்கள். நாயைக் கொல்லையில் மாட்டுக்கொட்டகையில் கட்டினார்கள். ஆட்டுக்கால் சூப்பில் ரொட்டியை ஊறவைத்துத் தின்ற நாய் அது. ஒரு வாரம் எதையும் தொடவில்லை. குமாஸ்தா பயந்துபோய் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அதற்கு என்ன பிடிக்கும் என்று அப்பா சொல்ல ஆரம்பித்ததும் அவர் காதைப் பொத்திக்கொண்டாராம். கடைசியில் அப்பா, "என் பொண்ணு கையில குடுத்தா வாங்கும், அவளத் தெரியும் அதுக்கு" என்று சொல்லிவைத்தார். லீவு நாட்களில் நான் பங்களாவுக்குப் போய் அந்த நாயோடு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் போனோம். ஐயர் வீட்டு அம்மா கிணற்றடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினார்கள்.

"ஏண்டி பொண்ணே, இதுக்கு உன்னைத் தெரியுமாமே? நேத்திக்குப் பருப்புஞ்சாதத்துல நெய் விட்டுப் போட்டேன். என்னவோ நான் விஷம் வெச்சாப்ல மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிண்டுடுத்து. துரையாத்துக் கொழுப்பு!"

அம்மா எனக்காகப் படிப்பைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். ஐயர் வீட்டு அம்மா உடனே சொன்னார்கள்: "அதுக்கென்ன? இது நம்மாத்துச் சாதத்துக்குப் பழகட்டும். யார் போட்டாலும் சாப்பிடற மாதிரி பழக்கிடு. ஜூன்ல ஸ்கூல் திறக்கறச்சே இவர்கிட்டச் சொல்லி நானே சேர்த்துவிடறேன். எங்காத்துப் பொண்ணோட ஆறாம் க்ளாஸ் புஸ்தகமெல்லாம் உனக்குத்தான்."

கொட்டகை ஜன்னல் வழியாக, எதிரே வீட்டு அறையில் அந்தப் புத்தகங்கள் தெரியும். பழுப்புத் தாளில் அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே ஒரு நிலப்படம் சுருட்டி வைத்திருந்தது.

தினமும் காலையில் போவேன். ஐயர் வீட்டு அம்மா தயிர்சாதத்தைக் கொண்டுவந்து, பாத்திரம் தட்டில் படாமல் உயரத்திலிருந்து கொட்டிவிட்டு விலகிக்கொள்வார்கள். நான் உட்கார்ந்து உருட்டி நீட்டுவேன். நாய் முகர்ந்து பார்க்கும், மூக்கால் என் கையைத் தள்ளிவிடும், வைக்கோலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். வெள்ளை வெளேரென்ற சாதம், கெட்டித் தயிர். எங்கள் வீட்டில் கல்லும் நெல்லுமாக ரேஷன் அரிசிக் கஞ்சி. நாய் வேண்டாமென்றது அப்படியே பசுவின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் கஞ்சிக்குச் சுட்ட கருவாடு கடித்துக்கொண்டு, நேரமாகிவிட்டதென்று கையைச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். அன்றைக்கு நாய் என் விரல்களை நக்கிற்று. பிறகு அந்த விரல் உருட்டின தயிர்சாதத்தைத் தின்றது. தட்டைக் காலி செய்தது. ஐயர் வீட்டு அம்மா கைதட்டி உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள்.

"பார்த்தேளா! தயிர்சாதம் சாப்பிடறது! துரை நாய் நம்மாத்துக்கு வந்து சுத்த சைவமாயிடுத்து!"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத வெளிய மூச்சு வுடாத. அவங்க வூட்டுக் கொல்லையில கருவாட்டுக் கை பட்டுதுன்னு தெரிஞ்சா உன்னியும் தொரத்திடுவாங்க, நாயையும் தொரத்திடுவாங்க" என்றாள். அன்றிலிருந்து காலையில் ஒரு துண்டு கருவாடு எனக்கு நிச்சயம். வீட்டில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் எனக்கு உண்டு. நாய் தின்றது. ஆனால் என் கையால் மட்டும் தின்றது. ஐயர் வீட்டு அம்மா தானே கொட்டிப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்படியே பிப்ரவரி வந்தது. விபூதிப் புதனோடு எங்களுக்கு நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாள் வரைக்கும் மீன், கறி, கருவாடு எதுவும் அடுப்பில் ஏறாது. அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. மீன் சட்டியையே கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். இதை நானும் யோசிக்கவில்லை, அம்மாவும் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை போய் உருண்டையை நீட்டினேன். நாய் ஒவ்வொரு விரலாக முகர்ந்தது. என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. வைக்கோலுக்குப் பின்னால் போய்விட்டது. வெள்ளி, சனியும் அப்படித்தான். அந்த வீடும் சைவம், எங்கள் வீடும் சைவம். நடுவில் அது பட்டினி.

"என்னடி ஆச்சு உன் கைக்கு?" என்று ஐயர் வீட்டு அம்மா கத்தினார்கள். "நன்னாத்தானே சாப்டுண்டிருந்தது? இப்படி இருந்தா ஜூன்ல உன்னை எப்படி ஸ்கூலுக்கு அனுப்பறது? நீ போயிட்டா இது பட்டினின்னா கிடக்கும்?"

நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா ரொம்ப நேரம் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு துண்டு கருவாடு வாங்கி வந்து தணலில் வாட்டினாள். "வாயில வெக்காத. கையில மட்டும் தேச்சுக்கோ" என்றாள்.

அந்தச் சந்தில் வாசனையை மறைக்க முடியுமா? அடுத்த வீட்டு அக்கா தலையை நீட்டினாள்.

"இன்னா மே, தபசு நாள்ல கருவாட்டு வாசன சந்தையே தூக்குது? சாமியாரு வந்தா இன்னா சொல்லுவ?"

"எங்களுக்கு இல்லக்கா. நாய்க்கு."

"உன் வூட்ல ஏது நாயி?"

"ஐயரு வூட்டு நாயி."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "உனுக்கு ஒருசந்தி, ஐயருக்கு சைவம், நாய்க்கு மட்டும் தெனம் திருநாளா? நல்லா கீது மே நாயம்!"

"வெளிய சொல்லிடாதக்கா. பொண்ணு படிப்பு அதுல கீது" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. அந்த வருஷம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அவள் ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தாள்.

இனிமேல் இது நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாயைக் கருவாட்டிலிருந்து பிரித்தால்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால் அம்மா துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தாள். ஐந்து விரலில் தேய்த்தது மூன்று விரலாயிற்று, பிறகு ஒரு விரல். பிறகு தேய்த்துவிட்டுத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு போனேன். நாய் முனகும், முறைக்கும், உருண்டையைக் கீழே தள்ளும். நான் விடவில்லை. மண்ணில் விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டு வேறு உருட்டினேன். அது ஒரு வாய் வாங்குவதற்குள் என் கால் மரத்துப்போகும். பெரிய வெள்ளிக்கிழமை வந்தபோது வெறும் கையால் ஊட்டினேன். தின்றது. பாஸ்காவுக்குப் பிறகு உருட்டாமல் தட்டைத் தொட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்தேன். அப்புறம் தள்ளி உட்கார்ந்தேன். அப்புறம் கொட்டகைக்கு வெளியே நின்றேன். ஒரு நாள் ஐயர் வீட்டு அம்மா கொட்டிவிட்டு விலகினதும், நான் இருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் தின்றது.

"சமத்து! சமத்து!" என்றார்கள் அந்த அம்மா நாயைப் பார்த்து. என்னிடம், "இனிமே நீ வெயில்ல அலைய வேண்டாம்டி" என்றார்கள். நான் வீடு வரைக்கும் ஓடினேன்.

மே கடைசி வரைக்கும் கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தோம். ஆள் வரவில்லை. அம்மா எனக்குத் தலை வாரி, நல்ல பாவாடை கட்டி, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கூட்டிக்கொண்டு போனாள். பின்கட்டில் பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாயைப் பற்றித்தான் பேச்சு.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு படிப்பை ஞாபகப்படுத்தினாள்.

"படிப்பா?" ஐயர் வீட்டு அம்மா யோசித்தார்கள். "சாப்பிடப் பண்ணினா பார்க்கலாம்னு சொல்லியிருப்பேன். இவ என்ன பண்ணினா, சொல்லு? தட்டு கிட்ட உக்காண்டிருந்தா. அது தானே பழகிடுத்து. எங்காத்துத் தயிர்சாதத்தோட மகிமை அது."

பக்கத்து வீட்டு மாமி, "இத்தனை சாதுவா இருக்கே, வாயே திறக்கலையே. இதுக்குப் படிப்பு எதுக்கு?" என்றாள்.

"இல்லம்மா, எம் பொண்ணு கையில..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டுமானால் கருவாட்டைச் சொல்ல வேண்டும். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது, கொல்லையில் அவிழ்த்துவிட்டிருந்த நாய் எழுந்து என்னிடம் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த என் கையை ஒவ்வொரு விரலாக, இடுக்கெல்லாம் விடாமல் நக்கிற்று.

"பாரேன், என்ன பிரியம் இவ மேல!" என்றார்கள் ஐயர் வீட்டு அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். எங்கள் சந்து வந்ததும், "நீயாவது வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல" என்றாள். அவள் இருந்த வரைக்கும் அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லவில்லை.

துரை திரும்பி வரவேயில்லை. நாய் அந்தக் கொட்டகையிலேயே தயிர்சாதம் தின்று கொழுத்தது. மாமிசத்தையே தொடாத நாய் என்று குளத்தைச் சுற்றி அதற்குப் பெயர்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றேன். ஐயர் வீட்டுப் பெண் ரிக்ஷாவில் போனாள். மடியில் புதுப் புத்தகங்கள். என்னைப் பார்த்துவிட்டு, "எங்காத்து நாய் இப்போ நன்னா சாப்பிடறதே!" என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அவளுடைய பழைய புத்தகங்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது.

அவள் சின்னப் பெண், அவள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதலாம். எழுத மாட்டேன். கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது.