ஒரு கையால் திறக்கும் கத்தி

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கத்துக் குப்பத்தில் இருசம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். பத்து வயதிலிருந்தே மார்பளவு நீரில் மண்டியிட்டு, சேற்றைத் தடவி இறால் பிடித்தவள். விரல் நுனியில் பட்டது இறாலா, நண்டா, வெறும் சிப்பியா என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். சொல்லுவாள் என்றால், தன் மனசுக்குள். வெளியே அவள் பேச்சு குறைவு. அவள் பேசாததையும் சேர்த்துப் பேச வீட்டில் ஒருவன் இருந்தான். அவள் கணவன் நீலமேகம்.

முகத்துவாரத்தில் வலை கட்டுவதற்குக் குப்பத்தில் வீட்டு முறை உண்டு. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று வரும் அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வரும் நாளில் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து வலைக்கம்பத்தின் அருகில் நிற்க வேண்டும். மூன்று முறை ஆள் வராமல் போனால் வீட்டின் பேர் பாடு வரிசையிலிருந்து விழுந்துவிடும். விழுந்தால் பிறகு ஏறுவது லேசில்லை.

நீலமேகத்தின் வீடு இரண்டு முறை தவறிவிட்டது. ஐப்பசி மழையில் படகுக்கும் கம்பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அவனுடைய வலது தோள் நசுங்கிப் போனது. கை உயிரோடு இருந்தது, ஆனால் இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. அவன் மடியிலிருந்த கத்தியும் அன்றைக்கே முகத்துவாரத்தின் அடிக்குப் போய்விட்டது. மூன்றாவது முறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"நான் நிக்கிறேன் மாமா," என்றாள் இருசம்மாள், கஞ்சியை ஊற்றிக்கொண்டே.

நீலமேகம் கலயத்தை வாங்கினான். குடித்து முடித்து, கலயத்தைக் கீழே வைத்து, வாயைத் துடைத்த பிறகுதான், "இன்னா சொன்னே?" என்றான்.

அன்றைக்கே இருவரும் பெரியதனக்காரர் திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போனார்கள். குப்பத்தின் வழக்கு, வரிசை, பாடு எல்லாம் அவர் சொல்வதுதான். அவர் வாசலில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேசவன். அவன் நல்ல கம்பத்தாள், கெட்ட வாய்க்காரன்.

நீலமேகம் சொல்லி முடித்ததும் திருவேங்கடம் சிக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பொம்பள நிக்கக் கூடாதுனு எவனும் சொல்லல. இதுவரைக்கும் எவளும் கேக்கல, அவ்ளோதான். ஆனா மடியில மடக்குக்கத்தி இருக்கணும். நேரத்துக்கு வடம் அறுபடணும். வலை உன் ஒருத்தி வூட்டுது இல்ல, பதினாறு வூட்டுது."

"இது மடியிலேர்ந்து கத்திய எடுக்கறதுக்குள்ள வலை நெல்லூரு போய்ச் சேந்துடும் நைனா," என்றான் கேசவன்.

"உன் வாயக் கட்டி வுட்டா நீயே ஒரு வலைதான்டா, ஊர் மீனெல்லாம் அதுலயே வுழும்," என்றான் நீலமேகம். திருவேங்கடம் சிரித்தார். இருசம்மாள் சிரிக்கவில்லை. கேசவனுடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைஞாணில் செருகியிருந்த அவனுடைய கத்தி மடங்கிய நிலையில் எவ்வளவு நீளம் என்று கண்ணாலேயே அளந்தாள்.

கம்பத்தாளின் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சும்மா நிற்பதுதான். நீர் வடியும் நேரத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே பைவலையைக் கட்டுவார்கள். ஏரி கடலுக்கு ஓடும் ஓட்டத்தில் இறாலும் மீனும் வந்து பைக்குள் ஏறும். கம்பத்துக்கு ஒருவர், ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கழுத்தளவு ஓட்டத்தில் நிற்க வேண்டும். கடல்நீர் ஏறும் பெருக்கின்போது ஏரிக்குள் போன சொறிமீன் கூட்டம் சில நாள் மொத்தமாகத் திரும்பி வரும். கூழ் மாதிரி உடம்பு, தொட்டால் எரியும். அது பைக்குள் ஏறினால் பாரம் தாங்காமல் வலையே கிழிந்து போகும். இறுகின முடிச்சை அப்போது அவிழ்க்க முடியாது. ஒரு பக்கத்து வடத்தை அறுத்துவிட்டால் வலை மற்ற கம்பத்தோடு திரும்பி, வாய் மூடிக்கொள்ளும். சொறி கடலுக்குப் போகும், வலை பிழைக்கும்.

அதற்குத்தான் கத்தி. திறந்த கத்தியோடு யாரும் வலைக்குள் இறங்கக் கூடாது. வலை விடும்போது அது இடுப்பையும் தொடையையும் சுற்றிக்கொண்டுதான் போகும். ஒரு கண்ணி அறுந்தால் ஒன்பது கண்ணி அவிழும். முன்பெல்லாம் கத்தியைக் கம்பத்தில் குத்தி வைப்பார்களாம். ஒரு நாள் அலை அடித்து அது நழுவிப் போக, வலையும் போனது. அதிலிருந்து அவரவர் கத்தி அவரவர் மடியில், மடங்கிய நிலையில். குப்பத்துக் கொல்லர் அரிவாள் அடிப்பார், ஆணி அடிப்பார், மடக்குக்கத்தி அடிக்கமாட்டார். அது கப்பலில் வர வேண்டும்.

கப்பலில் வந்ததெல்லாம் கடைசியில் ஆபிரகாமிடம் வந்து சேரும். கோட்டை வாசலுக்கு வெளியே, மதிலை ஒட்டி ஒரு சின்னப் பந்தல் போட்டு, அதன் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். மாலுமிகள் விட்டுப் போன கண்ணாடி, புகைக்குழாய், பித்தளைப் பொத்தான், கத்தி. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். உலாந்தா பேச்சும் கொஞ்சம் பேசுவார்.

"நம்ம நீலமேகம் வூடு! வா தங்கச்சி. இத்தப் பாரு," என்று ஒரு கத்தியை எடுத்து வைத்தார். மான்கொம்புப் பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. மடக்கினால் ஒரு சாண், திறந்தால் ஏறக்குறைய ஒரு முழம் வரும். உள்ளே வில் இருந்தது. திறந்ததும் "டக்" என்று கோட்டைக் கதவு மாதிரி நின்றது.

நீலமேகம் இடது கையில் வாங்கிப் பார்த்தான். கண் விரிந்தது. "இதான் மே. கேசவன் பாத்தான்னா சாவான்."

இருசம்மாள் கையால் எடைபோட்டாள். எதுவோ சரியில்லை. எது என்று சொல்லத் தெரியவில்லை. மெதுவாக, "ரெண்டு நாள் வச்சுப் பாக்கலாமா அண்ணே? புடிக்கலன்னா கொண்டாந்து குடுத்துடறேன்," என்றாள்.

"கத்திய இன்னா மாப்பிள்ளை மாதிரி வச்சுப் பாக்கறே?" என்றார் ஆபிரகாம். ஆனால் கொடுத்தார். பிடித்தால் இரண்டு கூடை உலர்ந்த இறால் என்று பேச்சு.

மறுநாள் அதை மடியில் செருகிக்கொண்டு இறால் தடவப் போனாள். கரையிலேயே ஒரு முறை புடவை நழுவியது. நீருக்குள் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் இன்னொரு முறை. கத்தியின் பாரம் கொசுவத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. ஓட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து, பழைய கழி ஒன்றை இடது கையால் கட்டிக்கொண்டு நின்று, வலது கையால் கத்தியை எடுத்தாள். திறக்க முடியவில்லை. அலகில் நகத்துக்கென்று ஒரு பள்ளம் இருந்தது. அதில் நகத்தை வைத்து இழுக்க ஒரு கை, பிடியைப் பிடிக்க ஒரு கை வேண்டும். பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் வந்தது. கழியை விட்டால் ஓட்டம் அவளைத் தூக்கியது. அடுத்த நாளும் பார்த்தாள். கட்டைவிரல் நகம் சதையோடு பிளந்தது.

"திருப்பிக் குடுத்துடலாம்," என்றாள் வீட்டில்.

"இதையா? ஊரே பாக்கற மாதிரி கீது மே!"

"ஊர் பாக்கவா வாங்கறோம்?"

நீலமேகம் தன் தோளைத் தடவிக்கொண்டான். தன்னுடைய கத்தியையும் அந்த ஐப்பசி நாளில் இரண்டு கையால்தான் திறக்கப் போனான். கம்பத்தை விட்டதால்தான் படகு வந்து நசுக்கியது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னான். மெதுவாக, பாதி பாதியாக.

ஆறாம் நாள் அவள் மட்டும் ஆபிரகாமிடம் போனாள். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே," என்றாள்.

குடிக்கத்தான் என்று அவர் செம்பை நீட்டினார். அவள் அதில் கையை நனைத்தாள். தான் கொண்டுவந்த கூடையிலிருந்து ஒரு பச்சை இறாலை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிக் கொழகொழவென்று பூசிக்கொண்டாள். ஆபிரகாமின் பந்தலைத் தாங்கிய மூங்கில் காலை இடது கையால் கட்டிக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

"ஒவ்வொண்ணாக் குடுங்க."

"கத்தி வாங்க வந்தியா, என் கடையக் கழுவ வந்தியா?" என்றார் அவர். வாசலில் காவல் நின்ற இரண்டு சிப்பாய்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இருசம்மாளுக்குக் காது சுட்டது. முகத்தைப் பந்தல் காலின் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் நீட்டிய கையை இறக்கவில்லை.

தந்தப்பிடி போட்டது வழுக்கி விழுந்தது. சின்னது ஒன்று சுலபமாகத் திறந்தது, ஆனால் அலகு அவள் சுண்டுவிரல் நீளம்தான். மணிக்கட்டுப் பருமனுள்ள வடத்துக்கு அது பல் குத்துகிற குச்சி. இன்னொன்றின் வில்லில் உப்பு ஏறி, அசையவே மறுத்தது.

"இனி ஒண்ணுதான் கீது. அது வேணாம், அசிங்கம்," என்றார் ஆபிரகாம்.

"குடுங்க."

மரப்பிடி. கப்பலில் பாய் தைத்தவனுடையது. தீட்டித் தீட்டி அலகின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஆனாலும் அலகு அவள் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை இருந்தது. வில் கிடையாது. அலகின் அடியில் வால் மாதிரி ஒரு இரும்புத் துண்டு பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அந்த வாலை அழுத்தினாள். அலகு தானாக வெளியே வந்தது. வால் பிடியின் முதுகில் படிந்து, உள்ளங்கைக்குள் அடங்கியது. தொடையில் வைத்து மடக்கி மறுபடி திறந்தாள். பிறகு கை மாற்றி, இடது கையால் திறந்தாள். பத்து தடவை.

"தங்கச்சி, கேட்டுக்கோ. அத்த நிறுத்தி வைக்க உள்ள ஒண்ணும் இல்ல. கை தளந்தா உன் விரல் மேலயே மடங்கும்."

"கை தளந்தா வலையும்தான் போவும் அண்ணே," என்றாள். "ஒரு துண்டு வடம் கீதா?"

வடத்தை அவரே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு கையால் அறுத்தாள். சிப்பாய்கள் இப்போது சிரிக்கவில்லை.

அதையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேரும்வரை புடவை நழுவவில்லை. நீலமேகம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாக்கு வெட்டியா இது?" என்று தொடங்கினான். அவள் ஒரு கையால் திறந்து காட்டியதும் எழுந்தான். அரம் எங்கே என்று தேடப் போனான். அலகின் நடுப்பள்ளத்தை நேராக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. கத்தியைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே ராவினான்.

பாடு வந்த நாளில் இருசம்மாள் தெற்குக் கம்பத்தில் நின்றாள். வடக்கில் கேசவன். திருவேங்கடம் படகில். காலை வெயிலில் நீர் வடிய வடிய வலைப்பை நிறைந்தது. அவள் நீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிப் பக்கம், வெகு தூரத்தில், நீரின் பளபளப்பு ஒரு இடத்தில் மங்கியது. எண்ணெய் பட்ட மாதிரி. மேகத்தின் நிழலோ என்று அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை.

"சொறி வருது!" என்று கத்தினாள். "நைனா, சொறி!"

திருவேங்கடம் எழுந்து பார்த்தார். அவருக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. "நில்லு, கை காட்டறேன்!" என்றார். வெள்ளை வெள்ளையாக அது வந்து வலைவாயில் முட்டியது. வடம் விறைத்துக் கீச்சிட்டது. கம்பம் அவள் கைக்குள் நடுங்கியது. கழுத்திலும் தோளிலும் தீ வைத்த மாதிரி எரிந்தது. திருவேங்கடத்தின் கை இறங்கியது.

மடியிலிருந்து எடுத்தாள். கட்டைவிரலை அழுத்தினாள். ஒரு இழுப்பில் வடம் பாதி பிரிந்தது. இன்னொரு இழுப்பு. வடம் பாம்பு மாதிரி துள்ளி ஓட, வலை கேசவனின் பக்கம் திரும்பி வாயை மூடிக்கொண்டது. சொறிக்கூட்டம் அவளைத் தாண்டிக் கடலுக்குப் போனது. அவள் கம்பத்தை விடவில்லை.

கரையில் வலையைப் பிரித்தபோது அடிப்பையில் இறால் முக்கால்வாசி அப்படியே இருந்தது. கண்ணி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. கேசவன் அவளுடைய சிவந்த கழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டிலிருந்து புளித்த கஞ்சிக் காடி எடுத்து வந்து கொடுத்தான். "ஊத்திக்கோ, எரிச்சல் அடங்கும்," என்றான். பிறகு, "அந்தக் கத்தியக் கொஞ்சம் காட்டு," என்றான்.

திருவேங்கடம் பங்கு பிரித்தார். ஒவ்வொரு வீட்டுப் பேராகச் சொல்லிக் குவியல் வைத்தார். நீலமேகத்தின் வீட்டுக் குவியலை வைத்தபோது, "அடுத்த பாடு அம்மாவாசை கழிச்சு நாலாம் நாள். வடக்குக் கம்பத்துல நிக்கிறியா, தெக்கிலயா?" என்று நீலமேகத்தைப் பார்க்காமல் அவளையே கேட்டார்.

இருசம்மாள் கரையில் இழுத்துப் போட்டிருந்த வடத்தின் அறுந்த முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பாதி சுத்தமாக, பாதி நார் நாராக இருந்தது.

"தெக்குலயே நிக்கிறேன் நைனா," என்றாள். பிறகு நீலமேகத்தின் பக்கம் திரும்பி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "ரெண்டு இழுப்பு ஆயிடுச்சு மாமா. இன்னும் நல்லாத் தீட்டணும்," என்றாள்.