திருமானூர் மேட்டில் ஏறிய பிளசர்

குரும்பலூர் கலியமூர்த்தி போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் டீக்கடையில் இருந்தேன். டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். "மச்சான் படுக்கையில விழ மாட்டாரு, கார் ஷெட்டுக்குப் போற வழியிலதான் போவாரு" என்று பொங்கலுக்கே சொல்லியிருந்தேன். அப்படியே ஆனது. கையில் சாவி இருந்ததாம். சாவி என்றுகூட நான் சொன்னதாக இப்போது நினைவு வருகிறது.

அவர் என் தங்கையின் கணவர். அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கறுப்புப் பிளசர் காரையும் தெரியும். அவருடைய அப்பா வாங்கியது. வெள்ளைக்காரத் துரை ஏறிய கார் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்கிற ஆளைப் பார்த்துக் கவர்னர் ஏறியது என்றும் சொல்வதுண்டு. எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான்.

ஆயுத பூஜையன்று காரில் கிறீச்சிடும் இடத்துக்கெல்லாம் எண்ணெய் விடுவார். "கத்துற எடம் பசிச்ச எடம், மச்சான்" என்பார். ஒரு வருஷம் கிளட்ச் பெடல் கத்தியது. அதன் வழியாக உள்ளேயும் தாராளமாக விட்டுவிட்டார். அடுத்து வந்தது பங்காளி வீட்டுக் கல்யாணம், திருமானூரில். கலியமூர்த்தியின் மகன் செந்தில் மண்டபத்துக்கு முன்னதாகக் கிளம்பும்போது சொன்னான்: "அப்பா, இந்தத் தடவ வண்டி நின்னுச்சுன்னா, நாளைக்கே எடைக்குப் போட்டுருவேன். மாமா, நீங்களே சாட்சி."  கலியமூர்த்தி காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளைப் பையனை ஏற்றிக்கொண்டு அரியலூர் தாண்டியதும் இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. கருகல் வாடை. நான் எட்டாவது தாண்டாதவன், ஆனாலும் மூக்கிலேயே கண்டுபிடித்தேன். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் ஏறிப் பிடிமானம் வழுக்கிவிட்டது. பின்னால் வேனில் வந்த சொந்தக்காரர்கள் இறங்கி ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"வண்டி நிக்கலாம், நாம பதறக் கூடாது" என்றார் கலியமூர்த்தி. காலடி விரிப்பைத் தூக்கினார். கியர் பெட்டிக்கு மேலே, கிளட்ச் பக்கம் திறக்கிற சின்ன மூடியைக் கழற்றினார். டேஷ்போர்டிலிருந்து சிறுவாச்சூர் கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"பெரியப்பா, சாமி விபூதிய அதுலயா போடப் போறீங்க?" என்றான் மாப்பிள்ளைப் பையன்.

"நெத்தியில பூசுனா ஒனக்கு. உள்ள போட்டா வண்டிக்கு. மச்சான், பெடல மிதிங்க."

மிதித்தது நான்தான். அந்த மாதிரி மிதிக்க ஜில்லாவில் ஆள் கிடையாது. ஒரு பிடி விபூதி உள்ளே போனது. எண்ணெயை அது குடித்துக்கொண்டது. கார் நகர்ந்தது. மண்டபத்துக்கு முன்னால் இருக்கிற மேட்டை ஒரே மூச்சில் ஏறி, மறுபக்கம் இறங்கி, உறுமிக்கொண்டு வாசலில் போய் நின்றது. நாயனக்காரர்களே ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். செந்தில் எடைக்கடைப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று, காரை எந்தக் காலத்திலும் விற்கப் போவதில்லை என்று செந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அதனால் இனி ஒன்றைச் சொல்லலாம். கார் மேட்டை ஏறவில்லை. பாதியில் மறுபடி வழுக்கியது. வேனில் வந்தவர்களும் நானும் தள்ளினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைப் பையனும் தள்ளினான். உச்சியில் அவனைத் திரும்ப ஏற்றினோம். அப்புறம் இறக்கம், கார் தானாக உருண்டது. கலியமூர்த்தி நியூட்ரலில் போட்டுச் சத்தம் மட்டும் கொடுத்தார்.

இறங்கியதும் என் காதருகே வந்து சொன்னார்: "மச்சான், நீங்க விடுற கதையோட இதையும் சேத்து விட்டுருங்க. உங்க வாயில வந்தா ஜோரா இருக்கும்."

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் அந்தக் காரை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.