அளக்காத கிணறு

லண்டனில் என் வேலை, புறநகர்ச் சோதனைக் கிணறுகளில் நாடா இறக்கி நீர்மட்டம் அளப்பது. பனியுகத்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற மணலுக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்பதை, அந்த அளவுகளைக் கொண்டு எஞ்சினியர் தயாளன் கம்ப்யூட்டரில் கணிப்பார். அதை வைத்தே ஓர் ஊருக்குக் குடிநீர்க் கிணறு தோண்ட இடம் தேடினார்கள்.

கடைசிக் கிணற்றுக்குச் சேற்றில் நடக்கச் சோம்பி, பல வாரங்கள் பழைய அளவையே எழுதினேன்.

"அண்ணை, மற்றதிலெல்லாம் தண்ணி இறங்குது, இது மட்டும் அசையேல்லை. மெய்யா அளந்தனீங்களோ?" என்று தயாளன் கேட்டார்.

"ஓம்."

"அப்ப அங்கதான் ஊத்து இருக்கு!" என்று சிரித்தார்.

அங்கேயே கிணறு தோண்டினார்கள். கோடையில் அது வற்றியது. கணிப்புப் பிழை என்று தயாளனின் வேலை போனது.

புறப்படும்போது என்னிடம் வந்தார். "பயப்படாதேங்கோ அண்ணை. உங்கட அளவில பிழையில்லை எண்டு மேலிடத்தில சொல்லிப்போட்டன்."

நான் தலை குனிந்து நின்றேன். அதைக் கூச்சம் என்றே அவர் எண்ணியிருப்பார். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.