மாவேலிக்குச் சொன்ன முறைப்பாடு

மோர்னிங்சைட்டில் உள்ள அந்த உயர்ந்த கட்டடத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் என்றால் நவரட்ணம்தான். பிறம்ரன் நகரக் களஞ்சியமொன்றில் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கட்டடமே அவருக்கு வேலையாகிப் போனது. லிப்ற் நின்றால் அவரே கொம்பனிக்குப் போன் அடிப்பார். குப்பை அள்ளாவிட்டால் நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பார். காலையில் வாசல் மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, போவோர் வருவோரை விசாரிப்பார். வருடக் கூட்டத்தில் அவர் மார்தட்டிச் சொல்வது ஒன்றுண்டு: "எட்டாம் மாடியைப் பாருங்கோ. ஒரு முறைப்பாடு இல்லை. சனம் அவ்வளவு சந்தோசமாய் இருக்குது."

அந்த ஆவணியில், ஆறாம் மாடியில் இருந்த கிளடிஸ் அவரிடம் வந்தாள். பாலக்காட்டுக்காரி, முதியோர் இல்லமொன்றில் தாதி. கட்டடத்து மலையாளிகள் ஓணம் கொண்டாடப் போகிறார்கள். மாவேலி வேஷம் போட ஆள் வேண்டும்.

"தொப்பையும் உயரமும் உங்களுக்குத்தான் பொருத்தம் அண்ணா" என்றாள்.

நவரட்ணம் சிரித்தார். "மகாபலியோ? எங்கட கதையில அவன் செருக்குப் பிடிச்ச அசுரனெல்லோ. திருமால் வந்து மிதிச்சவர்."

"எங்களுக்கு அவர் ராஜா. அவர் ஆண்டப்ப எல்லாரும் ஒண்ணு. பொய் இல்ல, கள்ள அளவை இல்ல, யாரும் யாருக்கும் பயப்பட வேணாம். அவரைத்தான் கீழ தள்ளினாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை தன் ஜனங்களைப் பாக்க வருவார். உங்களை விட்டா இந்த பில்டிங்ல வேற யாரு?"

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அவர் விழுந்துவிட்டார். மனைவி மங்கையற்கரசி பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். கிளடிஸ் முகத்துக்குச் சாயம் பூசி, பெரிய மீசை ஒட்டி, கிரீடம் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே அவரைத் தெரியவில்லை.

மாவேலி பேசமாட்டார்; கை தூக்கி ஆசீர்வதிப்பதோடு சரி. கையில் ஓலைக்குடையோடு, கிளடிஸ் முன்னே செண்டை மேளம் தட்ட, மாடி மாடியாகப் போனார்கள். கதவுக்குக் கதவு தரையில் பூக்களம், சிரிப்பு, கைப்பேசியில் படம். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

எட்டாம் மாடியில் ஒரு கதவை அனுபமா என்ற பெண் திறந்தாள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தவள். கிளடிஸைக் கண்டதும் முழுவதும் திறந்துவிட்டாள். உள்ளே காலடி எடுத்து வைத்த நவரட்ணம் அப்படியே நின்றார். இரண்டு அறை வீடு. சுவரோடு சுவராக மெத்தைகள். சமையல்கட்டிலும் ஒரு மெத்தை. எங்கு பார்த்தாலும் பெண் பிள்ளைகள்.

"மாவேலிகிட்ட குறை சொல்லலாம்னு சொன்னீங்கள்ல அக்கா?" என்றாள் அனுபமா. அவர் முன்னால் வந்து கைகூப்பினாள். "மகாராஜா, எங்களுக்கு ஒரே ஒரு வரம் குடுங்க. கீழ நாற்காலி போட்டு உக்காந்திருக்காரே, அந்த பிரெசிடென்ட் கண்ணுல நாங்க படவே கூடாது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கிளடிஸ் இருமினாள். "அனு, போதும்."

"நிஜமாத்தான். எதிர் வீட்டுப் பசங்க கூட்டமா இருக்காங்கன்னு அவர்தான் ஆபீஸ்ல சொல்லி வெளிய அனுப்பினார். அதுலேர்ந்து பின்வாசப் படியிலதான் போறோம், வர்றோம். இதோ நிக்கிறாளே, இவ பனியில வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. குளிர்காலம் முழுக்க ஹீட்டர் இல்ல. கம்ப்ளெயின்ட் பண்ணினா அவர் வந்து எட்டிப் பார்ப்பாரே! கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்கினோம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆசீர்வதிக்கத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.  வெளியே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

படிக்கட்டில் நின்று கேட்டார்: "உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணா. எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

கிளடிஸ் செண்டையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஊர்ல மாவேலி வர்ற அன்னிக்கு, இல்லாதவங்க கூடப் புதுத்துணி போட்டு இலை போட்டுச் சாப்பிடுவாங்க. அவர் மனசு நோகக் கூடாதுன்னு கஷ்டத்தை மறைப்பாங்க. அது அன்பு. இங்க மறைச்சது பயத்துல."

விருந்து மண்டபத்தில் சனம் அவரைக் கண்டு ஆரவாரித்தது. இலையில் வைத்த பாயாசத்தைத் தொடாமலே அவர் எழுந்தார். வீட்டுக்கு வந்து, சாயம் கூடக் கழுவாமல், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மங்கையற்கரசி அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, ஒரு வீட்டுக்குக் கீழ பேஸ்மன்றுக்குள்ள எத்தினை பெடியள் படுத்தனியள்? வீட்டுக்காரன் வர, பாதிப்பேர் பாத்றூமுக்குள்ள ஒளிச்சதெண்டு நீங்கள்தானே சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவியள்."

அவர் ஒட்டு மீசையை உரித்தெடுத்தார்.

மறுநாள் வேஷமில்லாமல் போய் அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே கேட்ட பேச்சு சட்டென நின்றது. யாரும் திறக்கவில்லை.

"பிள்ளை, நேற்று வந்த மாவேலி நான்தான்" என்றார்.

சங்கிலி மாட்டியபடியே கதவு சற்று நீங்கியது. அனுபமாவின் முகத்தில் இரத்தமில்லை. "சார்... நான் சும்மா விளையாட்டுக்கு..."

"இல்லை. நீங்கள் சொன்னது சரி. ஹீற்றரைக் காட்டுங்கோ."

"எத்தனை பேர்னு எண்ண மாட்டீங்களே?"

"எண்ணமாட்டன்."

குளிர் தொடங்குமுன் ஹீற்றர் திருத்தியாயிற்று. நிர்வாகத்தோடு அவர் அதற்கும் மல்லுக்கு நின்றார். அடுத்த கூட்டத்தில், எட்டாம் மாடி ஏன் வாய் திறக்கவில்லை என்பதை எல்லார் முன்னும் சொல்லி, தலைவர் பதவியை விட்டார்.  அந்த இடத்துக்குச் சனம் கிளடிஸைத் தெரிந்தெடுத்தது.

எதிர் வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பெடியளை எண்ணி எண்ணி அவருக்குத் தூக்கம் வரவில்லை. விசாரித்ததில் ஒருவன் விட்பி நகரில் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு மனைவியோடு போனார். புது வீட்டு வரிசை ஒன்றில், ஒரு பேஸ்மன்றின் பக்கக் கதவு. தட்டினார். தலைக் குளியலின் ஈரத்தோடு ஒருவன் திறந்தான். அவரைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனான்.

"இங்கயும் வந்துட்டீங்களா சார்?" என்றான். "நாங்க இப்ப மூணு பேருதான்."

நவரட்ணம் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோய், வாசலிலேயே கைகூப்பிக்கொண்டு நின்றார்.